படம் 14: மரத்தில் குருவிக்கூடு

இளம் ஆய்வாளர்களே, ஜேர்மனியில் கார்ஹிங் நகரில் இருக்கும் உங்கள் வெள்ள ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள், நன்றி. சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் உலகம் முழுவதும் நீலம், மஞ்சள், சிவப்பு. ஒரு பொத்தானைத் தட்டினால் எந்த ஊரில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று நிறம் மாறுகிறது. "இந்தச் சிவப்புக்குள்ள ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். உங்களில் ஒருவர், கோவையா மதுரையா தெரியவில்லை, மிகவும் மரியாதையாக, "அது வேற லேயர் சார், இன்னும் லோட் பண்ணல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், விருந்தாளி அல்லவா.

திரும்பும்போது நிலக்கீழ் ரயிலில் இருந்து யோசித்தேன். புதிதாக வந்தவர்களுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். முடிந்தால் இரண்டு பக்கத்துக்குள், பாடங்களை இலக்கமிட்டு. முடியாது. எனக்கு இலக்கமிட்ட பாடங்கள் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பிழை இருக்கிறது, அதைத் தருகிறேன். அது அவசரத்தில் விட்ட பிழை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று தரம் சரிபார்த்து, கையெழுத்திட்டு, அழகாக அட்டை போட்டு அனுப்பிய பிழை.

முதலில் நான் என்ன வேலை செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வுப்பர்டாலில் ஒரு பொறியியல் அலுவலகம். உலகத்தில் எங்கேயோ ஒரு மூலையில் பள்ளிக்கூடமோ பாலமோ கட்ட யாராவது நினைப்பார்கள். கட்டுவதற்குப் பணம் கொடுப்பவர்கள், "இந்த இடத்தில் முன்னர் என்னென்ன அழிவுகள் வந்திருக்கின்றன?" என்று கேட்பார்கள். நாங்கள் பழைய பத்திரங்களைத் தோண்டி, அந்த ஊரின் பேரிடர் வரலாற்றை எழுதி, கடைசியில் ஒரு சொல் சொல்வோம்: உயர் ஆபத்து, நடுத்தரம், அல்லது குறைவு. இந்த மூன்று சொற்களையும் வைத்து நான் பிள்ளைகளை வளர்த்து, வீடும் வாங்கினேன். எங்கள் ஆவணக் காப்பகம் ஆற்றோரமாக, நிலவறையில் இருந்தது. இரண்டு தரம் தண்ணீர் புகுந்து, உலக வெள்ளங்கள் பற்றிய கோப்புகள் எல்லாம் நனைந்தன. எங்கள் நிலவறைக்கு எந்த ஆபத்து வகை என்று யாரும் எங்களிடம் அறிக்கை கேட்கவில்லை, அதனால் நாங்களும் எழுதவில்லை.

பிழை நடந்தது நமீபியாவின் தெற்கே, பாலைவனத்து ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊரில். ஊர் என்றால் சில டசின் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தண்ணீர்ப் பம்பி. ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆறு. ஆறு என்று வரைபடத்தில்தான் இருக்கும். நேரில் பார்த்தால் மணலும் கரையில் சில பெரிய முள்மரங்களும். தூரத்து ஆட்டுப்பட்டிகளில் இருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கிழமை நாட்களில் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டிக் கொடுக்க ஹம்பேர்க்கில் ஒரு நன்கொடை அமைப்பு முன்வந்தது. இடமும் பார்த்தாயிற்று. ஆற்றங்கரையில், பம்பிக்குப் பக்கத்தில், மரநிழலில், அழகான சமதரை. பாலைவனத்தில் ஒரு துண்டு நிலம் அவ்வளவு சமதரையாக எப்படி வந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் அந்த ஊருக்குப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. போகத் தேவையில்லாத அளவுக்குப் பத்திரங்கள் இருந்தன. அந்த நாட்டை ஒரு காலத்தில் ஜேர்மன்காரர் ஆண்டார்கள். அங்கே மனிதர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதை உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பக்கத்தில் படிப்பித்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் பதிவேடு மட்டும் அருமையாக வைத்திருந்தார்கள். காவல் நிலையத்தின் நாட்குறிப்பு, பிறகு தேவாலய மிஷன்காரர் குறிப்பு எழுதிய கொப்பிகள், பிறகு வந்த நிர்வாகத்தின் கோப்புகள். பழைய கோணல் எழுத்து. அதைப் படிக்கப் பழகுவதற்கே எனக்கு ஒரு குளிர்காலம் போனது. படித்து முடித்தபோது, ஏதோ பெரிய வித்தை கற்றவன் மாதிரி அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாட்குறிப்பில் ஒரு இடத்தில் ஆறு ஓடியதாக இருக்கிறது. சேதம்: ஒரு கோவேறு கழுதை, இரண்டு சேணம். அவ்வளவுதான். ஒரு கழுதையோடு போன வெள்ளம் சின்ன வெள்ளம் என்று நான் எழுதினேன். கழுதையும் சேணமும் அரசாங்கச் சொத்து, அதனால்தான் அவை பதிவேட்டுக்குள் வந்தன என்று எனக்கு உறைக்கவில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தக் காவலருக்குத் தெரிந்திருக்காது. வறட்சியைப் பற்றியும் எங்கள் அட்டவணையில் ஒரு நிரல் இருந்தது. ஆடுமாடு செத்து, சனம் பட்டினி கிடந்த ஆண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. பாலைவனத்தில் வறட்சி வழமையான காலநிலை, அது பேரிடர் இல்லை என்று நான் அடிக்குறிப்புப் போட்டேன். வாசித்தவர்கள் எல்லோரும் அந்த அடிக்குறிப்பைப் பாராட்டினார்கள்.

மிஷன் கொப்பியில், ஒரு மழைக்காலத்தின் நடுவில், பல மாதங்களுக்குப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதற்குப் பிறகு வேறு ஒருவருடைய கையெழுத்து தொடங்குகிறது. எங்கள் கணினி அட்டவணை வெறுமையான கட்டத்தை ஏற்காது, சிவப்புக் கோடு போட்டுக் கத்தும். ஆகவே பூச்சியம் போட்டேன். நிகழ்வு எதுவும் இல்லை. கத்தல் நின்றது.

இவ்வளவு பத்திரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கடிதமும் இருந்தது. எழுதியவர் அந்த ஊரின் தண்ணீர்ப் பம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண், பெயர் மார்த்தா. பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மனில், கையெழுத்தில் ஒரு பக்கம். தான் தாயின் வயிற்றில் இருந்தபோது ஆறு ஒரு இரவுக்குள் வந்ததாம். பெரிய மரத்தில் கட்டைகள் நிற்கும் உயரம் வரை வந்ததாம். தன் அண்ணனும் இன்னும் பல பேரும் போனார்களாம். பிள்ளைகளின் கட்டில்களை அங்கே போடவேண்டாம் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் நான் எழுதினேன்: வாய்மொழித் தகவல், ஆதாரம் இல்லை.

இப்போது நான் யார் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிழையின் அருமை உங்களுக்கு விளங்காது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவன். விசாரணை நாளில், எங்கள் வீட்டில் செல் குண்டு விழுந்ததையும் வீட்டில் யார் இல்லாமல் போனார்கள் என்பதையும் சொன்னேன். மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவர் அமைதியாகக் கேட்டுவிட்டுப் படம் இருக்கிறதா, சான்றிதழ் இருக்கிறதா என்றார். வீடு எரியும்போது நான் நின்று படம் எடுக்கவில்லை. அவர் எழுதியது, மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டியது, இதே இரண்டு சொல்: ஆதாரம் இல்லை. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன்பிறகு எத்தனையோ வருடம் தபால்பெட்டியைத் திறக்கப் பயந்து வாழ்ந்தேன்.

அப்படி அடிபட்ட ஒருவன், பிறகு மற்றவர்களின் வாய்ச்சொல்லை நம்புகிறவனாக மாறியிருப்பான் என்று நினைப்பீர்கள். மிகவும் நல்ல மனம் உங்களுக்கு. நான் கடதாசிப் பைத்தியமாக மாறினேன். எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போனால் பார்த்திருப்பீர்கள், சாமிப்படத் தட்டுக்குக் கீழே தடித்த கோப்புகள் வரிசையாக நிற்கும். தடுப்பூசி அட்டையில் இருந்து பழுதாகிப்போன குளிர்சாதனப் பெட்டியின் பற்றுச்சீட்டு வரை. என் வீட்டில் அது ஒரு சுவர் முழுவதும் இருந்தது. கடதாசி உள்ளவன் தப்புவான், இல்லாதவன் போவான் என்பதுதான் நான் இந்த நாட்டில் கற்ற முதல் பாடம். வேலைக்கு வந்த பின்னர் அதை மற்றவர்கள் மேல் பிரயோகிக்க வாய்ப்புக் கிடைத்தது, விடுவேனா?

அறிக்கை முடிந்தது. வெள்ள ஆபத்து: குறைவு. ஹம்பேர்க்காரர் அனுப்பிய நிலத்தின் புகைப்படங்களில் ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. விடுதி வரப்போகும் இடத்தில் ஒரு பெரிய முள்மரம், அதன் கிளைகளுக்குள் வைக்கோல் போர் மாதிரி ஏதோ பெரிதாக அடைந்து கிடக்கிறது. அந்த நாட்டில் ஒரு சின்னக் குருவி இருக்கிறது, நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரே மரத்தில் பென்னம்பெரிய கூடு கட்டும். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். ஆகவே குறிப்பு எழுதினேன், படம் 14: மரத்தில் குருவிக்கூடு. அவ்வளவு அழகாக இருந்ததால் அதையே பெருப்பித்து அட்டையிலும் போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. மார்த்தா. பம்பி வீட்டுக்கு அறிக்கையின் ஒரு பிரதி போயிருக்கிறது. நாங்கள் பேசியது ஜேர்மனில். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் ஏறியது, அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, உங்கட புத்தகம் கிடைச்சது. அட்டையில எங்கட மரத்தைப் போட்டிருக்கிறியள். நன்றி."

"ஓம், நல்ல படம்" என்றேன், பெருமையாக.

"உள்ள, ஆதாரம் இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். அட்டையில அதையே போட்டிருக்கிறியள். அதுதான் எனக்கு விளங்கேல்லை."

"அட்டையில இருக்கிறது குருவிக்கூடு அம்மா" என்றேன். என்றதோடு நிறுத்தினேனா? அந்தக் குருவி எப்படிக் கூட்டம் கூட்டமாக வாழும், எந்தப் புல்லால் கூடு கட்டும் என்று, அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு வுப்பர்டாலில் இருந்து விளங்கப்படுத்தினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"அந்தக் குருவி எனக்குத் தெரியும் ஐயா. கம்பிக்கட்டை தூக்கிக்கொண்டு போற குருவியை நான் இன்னும் காணேல்லை. படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்கோ."

பெருசாக்கினேன். அதற்கு முன்னர் மூன்று தரம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், மூன்று தரமும் குருவிக்கூடுதான் தெரிந்தது. இப்போது கட்டைகள் தெரிந்தன. வேர்கள். வேலிக்கம்பி சுற்றிய ஒரு தூண். ஆட்டுக்குத் தண்ணி வைக்கும் தகரத் தொட்டியின் நெளிந்த ஒரு பாதி. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கிளைகளுக்குள் இறுகி, இரண்டு ஆள் உயரத்தில் இருந்தன.

"இவ்வளவு காலமாய் அது அங்கேயே நிக்குதோ?" என்று கேட்டேன்.

"விறகுக்கு நாங்கள் அரை நாள் நடக்கிறனாங்கள் ஐயா. அந்தக் கட்டையில ஒருத்தரும் கை வைக்க மாட்டினம். குடிகாரனும் வைக்கமாட்டான். ஒரு பிள்ளை தெரியாமல் இழுத்தெண்டால், தேப்பன் ஏறித் திருப்பி வைக்கோணும். தண்ணி வந்த உயரம் அது. எங்களுக்கு வேற பதிவேடு இல்லை."

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். மிஷன் கொப்பியில் அந்தக் காலத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லையே என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"எழுதுறவரும் அந்தத் தண்ணியிலதான் போனவர் ஐயா" என்றார் மார்த்தா. "ஆர் எழுதுறது?"

நான் பூச்சியம் போட்ட கட்டங்கள் எனக்கு முன்னால் திரையில் இருந்தன. வெட்கம் என்று சொன்னால் போதாது. அந்த மேசைக்குக் கீழே ஒரு குழி இருந்தால் இறங்கியிருப்பேன்.

ஹம்பேர்க்கில் கட்டட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திடும் கூட்டம் வியாழக்கிழமை பத்து மணிக்கு. கையெழுத்தானால் அடுத்த கிழமையே அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள், இயந்திரம் ஏற்கனவே ஊருக்குள் வந்து நின்றது. எங்கள் தலைவர் உர்லாப்பில், விடுமுறைக்கு ஏதோ தீவில். ஜேர்மனியில் ஒருவரை உர்லாப்பில் தொந்தரவு செய்வதற்கு ஊரில் வெள்ளம் வந்தால் போதாது, அவருடைய வீட்டுக்குள் வரவேண்டும். அறிக்கை பிழை, உடனே பேசவேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. தான் விடுமுறையில் இருப்பதாகவும், அவசர விடயங்களுக்கு இன்னாரைத் தொடர்புகொள்ளும்படியும். இன்னார் என்று இருந்தது என் பெயர்.

எனவே என்னை நானே தொடர்புகொண்டேன். ஹம்பேர்க்குக்குத் தொலைபேசி எடுத்தேன். கூட்டத்தில் பேச விரும்பினால் முன்கூட்டியே நேரம் குறித்து ஒரு டெர்மின் எடுக்கவேண்டும், அடுத்த டெர்மின் மூன்று கிழமைக்குப் பிறகு என்றார்கள். அத்திவாரத்துக்கு டெர்மின் தேவையில்லை போலும். வியாழன் காலை ரயில் ஏறினேன்.

ரயில் நேரத்துக்கு வந்ததா என்று கேட்காதீர்கள். வழியில் ஒரு வயல்வெளியில் நின்றது, ஏன் நிற்கிறோம் என்று ரயில்காரர்களுக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் மனம் எனக்கு ஒரு நல்ல யோசனை சொன்னது. "நடுத்தரம்" என்று மாற்றினால் என்ன? குறைவு என்று எழுதியவனுக்கும் அவமானம் இல்லை, மார்த்தாவுக்கும் ஏதோ கொடுத்த மாதிரி இருக்கும், கட்டடத்தின் தரையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இந்தத் தொழிலில் நடுத்தரம் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தாரோ, அவருக்குப் பயந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சிலை வைக்கவேண்டும். ஹம்பேர்க் வரும்வரை அந்த வசனத்தை ஜேர்மனில் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

அரை மணி நேரம் பிந்தித்தான் உள்ளே போனேன். ஒரு நீள மேசை, ஆறேழு பேர், தலைமையில் ஒரு அம்மையார். அழைக்காமல் வந்தவனுக்கும் கோப்பி ஊற்றித் தந்தார்கள். நான் பெருப்பித்த படத்தை மேசையில் விரித்தேன், விடயத்தைச் சொன்னேன்.

"அப்படியானால் அறிக்கையில் ஒரு சிறு திருத்தம்" என்றார் அம்மையார்.

"அறிக்கை பிழை" என்றேன்.

பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "ஒரு பக்கம் ஒரு படமும் ஒரு பெண்ணின் கதையும். மற்றப் பக்கம் இத்தனை கால ஆவணங்கள். அந்தப் பதிவாளர் வெள்ளத்தில்தான் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால்," என்றார் அம்மையார், உண்மையிலேயே எனக்கு உதவ விரும்பி, "நடுத்தரம் என்று வைத்துக்கொள்வோமா? தரையை ஒரு முழம் உயர்த்தலாம். உங்களுக்கும் சுலபம்."

நான் வழி முழுக்கப் பாடமாக்கிய வசனத்தை அவரே எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். வாய் திறந்தேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது மார்த்தா இல்லை, அந்தப் பிள்ளைகளும் இல்லை. என்னை விசாரித்த அந்த மனிதர். இத்தனை வருடமாக அவரை ஒரு கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தேன். அவரும் இப்படித்தான் இருந்திருப்பார், களைத்துப்போய், ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போக விரும்பி. அவர் என் மேல் கோபத்தில் எழுதவில்லை. அவருக்கு அது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அந்த மேசையில் அழுதால் அதற்கும் ஒரு படிவம் இருந்திருக்கும்.

"ஒரு முழம் போதாது, தண்ணீர் இரண்டு ஆள் உயரத்தில் வந்திருக்கிறது" என்றேன். "உயர் ஆபத்து என்று எழுதுங்கள். ஆதாரம் என்ற இடத்தில் மார்த்தாவின் பெயரை எழுதுங்கள். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்."

ஆதாரம் என்ற நிரலில் ஒரு ஆளின் பெயரை எழுதலாமா என்று அவர்களுக்குள் கொஞ்சநேரம் வாதம் நடந்தது. கடைசியில் கையெழுத்தைத் தள்ளிவைத்தார்கள். ஒரு அளவையாளரை அங்கே அனுப்பினார்கள். அவர் ஏணி வைத்து ஏறி அளந்துவிட்டு எழுதினார்: கட்டைகள் நிற்கும் உயரமும் திட்டமிட்ட விடுதியின் கூரை விளிம்பும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதன்பிறகு எல்லோருக்கும் திடீரென்று ஆதாரம் கிடைத்துவிட்டது. மார்த்தா சொன்னது அதே கட்டை, அதே உயரம். ஏணியில் ஏறியவர் சொன்னதால் அது அறிவியல் ஆனது.

தலைவர் வெயிலில் நன்றாகச் சிவந்து திரும்பி வந்தார். விடயம் தெரிந்ததும் இன்னும் சிவந்தார்.

"இற்றைப்படுத்தல் என்று சொல்லியிருக்கலாமே! புதிய தகவலின் அடிப்படையில் இற்றைப்படுத்தல்! யார் உங்களைப் பிழை என்ற சொல்லைப் பாவிக்கச் சொன்னது?"

"பிழை என்றபடியால்தான்."

"உங்களுடைய நேர்மை எனக்கு விளங்குகிறது," என்றார். அப்படி ஒருவர் சொன்னால் உங்கள் மேசை மாறப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்குத் திட்டப் பொறுப்பு போனது. ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் அறிக்கைகளில் படக்குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலை தந்தார்கள். தண்டனையாகத்தான் தந்தார்கள், அந்த அலுவலகத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான். சதுப்பு நிலம் என்று குறிப்பு எழுதிய இடத்தில் வீட்டுக் கூரைகள் இருந்ததைக் கண்டுபிடித்தேன். கற்குவியல் என்று எழுதிய இடத்தில் கல்லறைகள் இருந்தன.

கதை இங்கே முடிந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நானும் ஒரு நல்ல மனிதனாக முடிவேன். விடுதி மேட்டில், கல்லுத் தரையில் கட்டப்பட்டது. நிழல் கிடையாது. காற்று மணலை அள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டில் போடும். பம்பியில் இருந்து தண்ணீரை மேலே இழுக்கும் குழாய் அடிக்கடி பழுதாகும், அப்போது பிள்ளைகள் வாளியோடு இறங்கி ஏறவேண்டும். கீழே ஆறு காய்ந்து கிடந்தது. ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்று போனது, பிறகும் போனது. தண்ணீர் வரவில்லை. அந்த நல்ல சமதரை வீணாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து ஊருக்கு எரிச்சல். வெள்ளத்தைக் காணாத இளம் தாய்மார்தான் கூடுதலாகப் பேசினார்கள். மார்த்தா தன் பம்பியின் அதிகாரத்துக்காகக் கதை கட்டினாள் என்றார்கள். பிறகு சுருக்கமாகப் பொய்க்காரி என்றார்கள். அவர் வந்தால் தேவாலயத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி இருப்பார்களாம். இதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை, நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னார்.

பாலம் உடைந்தால் இன்னாரின் பிழை என்பார்கள். வராத வெள்ளத்தில் சாகாத பிள்ளைகளுக்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாத இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பகுதியின் மழைக்காலம் வந்தால், காலையில் தேத்தண்ணியோடு இருந்து செய்மதிப் படத்தைத் திறந்து பார்ப்பேன். இப்போது அது எல்லோருக்கும் இலவசம். ஒரு நாள், ஆற்றின் மேல்பக்கத்து மலைகளில் வெள்ளை வெளேரென்று முகில் கூடியது. அரை மணிக்கு ஒரு தரம் படம் மாறும், மாற மாற முகில் பெருத்தது. என் நெஞ்சு அடித்தது. பயத்தில் என்று முதலில் நினைத்தேன்.

"வா" என்றேன். வாய்விட்டு. "வா, வா."

குசினிக்குள் இருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "ஆரை வரச் சொல்லுறியள்?"

மார்த்தா பொய்க்காரி இல்லை என்று அந்த ஊருக்குத் தெரியவேண்டும். நான் ஹம்பேர்க்கில் செய்தது சரி என்று தலைவருக்குத் தெரியவேண்டும். அதற்காக, பந்து விளையாடும் பிள்ளைகள் இறங்கி நிற்கும் ஒரு ஆற்றுக்குள் நான் வெள்ளத்தைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தேன். பின்னேரம் முகில் வேறு பக்கம் போனது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், உங்கள் கணிப்புகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இருப்பவர்களுக்குத்தான் இந்த வருத்தம் வரும், கவனமாக இருங்கள்.

அடுத்த நாள் மார்த்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் பம்பி ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கும் ஒருக்கா அப்பிடி வந்தது ஐயா," என்றார். "போன வருசம் மழை இருட்டிக்கொண்டு வர, வரட்டும், எல்லாரும் பாக்கட்டும் எண்டு நினைச்சுக்கொண்டு ஆத்துக்குள்ள இறங்கிப் போனன். பிள்ளையள் நிண்டதுகள். என்னைப் பொய்க்காரி எண்டு முதல் சொன்னவளின்ர மகள், சின்னன், மணலுக்குள்ள இருந்துகொண்டு என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது. தூக்கிக்கொண்டு மேல வந்திட்டன். அந்த நாளில இருந்து நான் கும்பிடுறது ஒண்டுதான், நான் பொய்க்காரியாவே சாகோணும்."